தகரப் பெட்டியோடு காஜா பெராங் நாடகப் பள்ளிக்கு

இந்த வலைப்பூவில் நான் பஸ் பயணங்களைப் பற்றி எழுத ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. குடும்பத்தோடு மலாக்காவுக்குப் போகத் திட்டமிடும் ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார்: "ஐயா, காஜா பெராங்கில் அந்தக் காலத்தில் நாடகம், நாட்டியமெல்லாம் சொல்லிக்கொடுத்த பள்ளி ஒன்று இருந்ததாமே? எப்படிப் போவது, பார்க்க ஏதாவது மிச்சமிருக்கிறதா?" நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். பதினோரு வருடம் அந்தப் பள்ளியில் சோறு தின்றவன் நான். ஆனால் நான் முதன்முதலில் அங்கே போன நாளைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு வராது. இதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்வந்துவிட்டேன். என் உடம்பு அப்படி. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

1957, ஆகஸ்ட். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, மூன்று வாரம் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. கிம்மாஸிலிருந்து நாலு கட்டை தள்ளி ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் இறக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். (கட்டை என்றால் மைல். சடக்கோரம், அதாவது சாலையோரம், நட்டிருந்த மைல்கல்லை வைத்து நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) வேலை அதுவென்றாலும் பேர் வேறு. சுற்றுவட்டாரத்து ஏழு தோட்டங்களில் திருவிழா நாடகமென்றால் பெண் வேஷம் நான்தான். சேலை கட்டிக்கொண்டு குரலை ஏற்றினால் பின்வரிசைக் கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் அப்பா மட்டும் ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை. "மீசை முளைச்ச பய சேலை கட்டறதை நான் வந்து வேற பாக்கணுமா?" என்பார். நாடகம் முடிந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்.

அந்த அப்பாதான் அப்போது ஊருக்குக் கிளம்ப முடிவு செய்திருந்தார். அம்மா தோட்டத்திலேயே இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "சுதந்திரம் வந்தா அது அவங்களுக்கு, நமக்கென்னடா?" என்று குடியுரிமைப் பாரத்தை அப்படியே மடித்துக் கூரையில் செருகிவிட்டார். கப்பல் ஏஜெண்டிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாயிற்று. செப்டம்பர் இரண்டாம் வாரம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எனக்கோ அந்த ஊரில் ஒரு மரத்தைக்கூடத் தெரியாது. நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். போகமாட்டேன் என்று அழுது, சண்டை போட்டு, இரண்டு நாள் பட்டினியும் கிடந்தேன். கடைசியில் அப்பா ஒரு வழி விட்டார்: "தோட்டத்துல தனியா விட்டுட்டுப் போகமாட்டேன். வெளியில ஒரு வேலை, தலைக்கு ஒரு கூரை, மாசச் சம்பளம். மூணையும் நான் கண்ணால பாக்கணும். அப்புறம் கப்பல் பட்டியல்ல உன் பேர அடிக்கச் சொல்றேன்." மலாக்கா நாடகப் பள்ளியில் மெர்டேக்கா நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் ஆர்மோனியக்காரர் சொன்னார். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கினேன். வியாழக்கிழமை.

கிம்மாஸ் பக்கம் அப்போது ஊரடங்கு. காலை ஆறு மணிக்குத்தான் தோட்டத்து வேலிக் கதவைத் திறப்பார்கள், இரவு எட்டுக்கு மூடிவிடுவார்கள். ஆறு மணிக்கு முதல் ஆளாக நின்றேன். கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே என் ஆஸ்தி அத்தனையும்: இரண்டு சேலை, சவுரி, வளையல், பூச்சு மாவு, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைத்துத் தைத்த இரண்டு உருண்டைகள். ரயில் நிலைய வாசலில் சோதனை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று ஒவ்வொரு பையையும் கிளறிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நின்றது ஒரு புது மலாய்க் கான்ஸ்டபிள். பெட்டியைத் திறந்தார். அந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு "பெராஸ்?" என்றார். அரிசியா என்று கேட்கிறார்! அரிசி கடத்தினால் அப்போது நேரே சிறைதான். "காப்பாஸ், துவான்! காப்பாஸ்!" பஞ்சு ஐயா, பஞ்சு என்று கத்தினேன். "எதற்கு?" என்றார். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. வைத்துக் காட்டினேன். வரிசையில் நின்ற மொத்தக் கூட்டமும் சிரித்து உருண்டது, கான்ஸ்டபிளும்தான். ரயில் ஊதிக்கொண்டிருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு "போ, போ" என்று பெட்டியை மூடிக் கொடுத்தார்.

ரயில் 7.20. மூன்றாம் வகுப்பு, ஒரு வெள்ளி (மலாயா டாலர்) முப்பது காசு. 8.40க்குத் தம்பின். அங்கிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்தான், இருபத்துநாலு கட்டை, ஒரு வெள்ளி பத்துக் காசு. 9.15 பஸ் 9.40க்குத்தான் புறப்பட்டது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் பஸ்ஸைச் சுற்றி எத்தனை வட்டம் அடித்தேனோ! ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "தம்பி, நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் அலோர் காஜா போயிருக்கலாம்லா" என்றார்.

மலாக்கா பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி பத்து ஐம்பது. கண்டக்டர் தமிழர். காஜா பெராங்குக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். "என்னாங்க நீங்க! இப்பத்தானே அந்தச் சடக்கு வழியா வந்தோம். ஏறும்போதே சொல்லியிருந்தா வாசல்லயே இறக்கி விட்டிருப்பேன். பசியாறிட்டீங்களா, அதாச்சும் ஆச்சா?" பசியாறவில்லை. நேரமில்லை. ஒரு பெச்சாக்காரரிடம் பேரம் பேசி அறுபது காசுக்கு ஏறினேன். மிதி ரிக்ஷா, மெதுவாகத்தான் போகும். பாதி வழியில் பொறுக்கமாட்டாமல் குதித்து இறங்கி, பெட்டியை அதிலேயே வைத்துவிட்டு, கூடவே ஓடினேன். காசு முழுசாகத்தான் வாங்கினார்.

பள்ளி இருந்தது காஜா பெராங் சடக்கில், அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. வாசகி பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு செட்டியாரின் பழைய அரிசிக் கிடங்கு அது. ஒரு கோடியில் பலகை மேடை, மறு கோடியில் சமையல். போருக்கு முன்னால் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக் கம்பெனி மலாயாவுக்கு வந்து, மலாக்காவில் நொடித்துப் போனது. மற்றவர்களெல்லாம் எப்படியோ கப்பலேறிவிட்டார்கள். கோமளத்தம்மா என்ற நடிகைக்கு மட்டும் காய்ச்சல், இங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் போர் வந்தது. போர் முடிந்ததும் செட்டியாரிடம் கேட்டு அந்தக் கிடங்கில் பள்ளியை ஆரம்பித்தார். பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமின் விமானத் திடலில் ஏலம் விட்ட பாராசூட் துணியை வாங்கி அவரே தைத்ததுதான் மேடைத் திரை.

முதலில் சேர்ந்த நாலு மாணவிகளும் எதிர்வீட்டு மலாக்கா செட்டிப் பெண்கள். கிடங்குக்காரச் செட்டியார் வேறு, இவர்கள் வேறு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். சாமி நம் சாமி, கோயில் நம் கோயில். உடை மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா, பேச்சு அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழ் தெரியாது. அதனால் பள்ளியில் பாடமெல்லாம் மலாயில்தான் நடந்தது. மதுரைக்கார அம்மா மலாயில் திட்டுவதைக் கேட்க வேண்டுமே! நான் உள்ளே நுழைந்தபோது யாரையோ திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சுவரில் பயிற்சி நேரம் சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்தது. காலை ஆறரை முதல் எட்டுவரை குரல். கிடங்கின் இந்தக் கோடியில் நின்று சாதாரணமாகப் பேசுவது மறு கோடியில் சமைக்கிறவளுக்குக் கேட்க வேண்டும். கத்தினால் முதலிலிருந்து. எட்டரை முதல் பத்துவரை நடை. தண்ணீர்க் குடத்தோடு, குழந்தையோடு, கோபத்தோடு, நோயோடு. மாலையில் ஆர்மோனியமும் தாளமும், வெள்ளிக்கிழமை ஒப்பனை. ஆறு மாதம் முடிந்தால்தான் மேடையில் ஒரு வரி பேச விடுவார். படிக்கிறவர்கள் கட்ட வேண்டியது மாதம் ஐந்து வெள்ளி. கொடுக்க முடியாதவர்கள் கிடங்கைப் பெருக்கலாம். வெளியூர் ஆட்கள் பரண்மேல் படுத்துக்கொள்ளலாம். வேலை, கூரை, சம்பளம் என்று அப்பா சொன்ன மூன்றில் கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"நான் கிம்மாஸ் பக்கம் பெண் வேஷம் போடறவனுங்கம்மா" என்றேன்.

"போட்டுக் காட்டு" என்றார்.

உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் தயாராகி வந்தேன். இடுப்பை ஒடித்து, கண்ணை உருட்டி, முந்தானையைச் சுழற்றி மேடையைச் சுற்றி ஒரு வலம். ஏழு தோட்டத்துக் கைதட்டலும் காதில் ஒலிக்க நின்றேன். கெபாயா போட்ட பெண்கள் எட்டுப் பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி" என்றார் கோமளத்தம்மா. "நானும் இந்த ஐம்பது வயசு வரைக்கும் பொம்பளையாத்தான் இருக்கேன். ஒருநாளும் இப்படி நடந்தது இல்லப்பா."

காது மடல் எரிந்தது. அவர் விடவில்லை. மேடையில் ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். "புருஷன் வருவானா மாட்டானான்னு காத்துக்கிட்டிருக்கே. பத்து நிமிஷம். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. சும்மா உக்காரு." உட்கார்ந்தேன். முதல் நிமிடத்திலேயே கால் ஆட ஆரம்பித்தது. அடக்கினால் விரல் தாளம் போட்டது. மூன்றாவது நிமிடத்தில் எழுந்து நின்று, ஏன் எழுந்தேன் என்று தெரியாமல், ஜன்னலைத் திறப்பதுபோல் நடித்தேன். "போதும்" என்றார். அப்புறம் "பார்வதி!" என்று கூப்பிட்டார். பத்தொன்பது வயதிருக்கும், எதிர்வீட்டுச் செட்டிப் பெண். வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். மடியிலிருந்து எதையோ தட்டிவிட்டாள். பத்து நிமிடமும் நான் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால்கூட ஆடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"பெண் வேஷத்துக்கு இங்க பெண்ணுங்களே இருக்காங்க தம்பி. ஆனா பார்வதிக்குத் தமிழ் ஒரு வரி நிக்காது. உன் உடம்புதான் பொய் சொல்லுது, குரல் சொல்லல. நீ திரைக்குப் பின்னால நின்னு அவளுக்காகப் பேசு. சாப்பாடு, பரண்ல இடம், மாசம் முப்பது வெள்ளி."

அவமானமாக இருந்தது. மேடை ஏற வந்தவனை ஒளிந்துகொள்ளச் சொல்கிறாரே! "நான் ஆள் தெரியாம பேசறதுக்கு வரலீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பூச்சைக்கூடச் சரியாகக் கழுவாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மணி ஒன்றேகால்.

மலாக்கா வெயிலில் ஒன்றரை மைல், பஸ் நிலையம்வரை. திரும்பிப் போக எனக்கு 4.30 பஸ் போதும். அதில் போனால்தான் தம்பினில் 6.10 ரயிலைப் பிடித்து, கிம்மாஸிலிருந்து ஓடியாவது எட்டு மணிக்குள் வேலிக் கதவுக்குள் நுழைய முடியும். அதை விட்டால் வழியில்லை. ஆனால் மலாக்காவே வேண்டாமென்று இரண்டு மணிக்கே நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருப்புக் கொள்ளாமல் இறங்கி ஆற்றங்கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன். இருபது காசுக்கு மீகோரேங் (வறுத்த நூடுல்ஸ்) வாங்கி பாதிதான் தின்ன முடிந்தது. கோட்டைப் பக்கம் போனேன். மெர்டேக்காவுக்காகத் தெருவெல்லாம் அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி பஸ். கண்டக்டர், "தம்பி, ஒண்ணு ஏறுங்க, இல்ல இறங்குங்க. படி தேயுது" என்றார். அப்போதுதான் உறைத்தது. நிற்கிற பஸ்ஸில் அரைமணி நேரம் உட்கார முடியாதவன் நான். நடுக்கடலில் எட்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவேன்? இறங்குவதற்கு நாகப்பட்டினத்தைத் தவிர வேறு இடமும் கிடையாதே! மணி பார்த்தேன், மூன்று பத்து. பெட்டியோடு ஓடினேன். ஒன்றரை மைலும் ஓட்டம்தான்.

கோமளத்தம்மா "முகத்தைக் கழுவிட்டு வா" என்றார், அவ்வளவுதான். அவர்கள் ஏற்கனவே ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பார்வதியின் கால் பெருவிரலில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டி, பலகை இடுக்கு வழியாகத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்திருந்தார்கள். பேசுகிறவன் ஒரு தடவை இழுத்தால் அவள் வாயைத் திறக்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் மூட வேண்டும். நரம்பின் நுனியை நான் என் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டேன். கைகள் சும்மா இருக்கட்டுமே என்ற எண்ணம். யோசிக்காமல் செய்த காரியம். வசனத் தாளைப் புரட்டுவதற்குள் என் கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. மேடையில் பாவம் அந்தப் பெண், ஒரு சத்தமும் இல்லாமல் மீன்போல வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி! புருஷன் வேஷம் போட்டவர் வசனத்தை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பார்வதி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "அபாங், காக்கி ஜாங்ஙான் கோயாங்!" அண்ணே, காலை ஆட்டாதே. முகம் சிவந்திருந்தது. குனிந்து என் விரலிலிருந்த நரம்பை அவிழ்த்துக் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள்.

கையில் பிடித்தால் சரியாக வந்தது. நாடகம் கோமளத்தம்மாவே எழுதியது. மெர்டேக்கா வரப்போகிற நேரம். புருஷன் ஊருக்குக் கிளம்புகிறான், பெண்டாட்டி செல்லம்மா வரமாட்டேன் என்கிறாள். அந்தக் கட்டத்தை என் பழைய வழக்கப்படி ராகம் போட்டு இழுத்தேன். "யாருகிட்டப்பா பேசற? புருஷன்கிட்டயா, கைதட்டறவன்கிட்டயா?" என்று கேட்டார் அம்மா. மறுபடி பேசினேன், மெதுவாக. பலகை இடுக்கு வழியாகப் பார்வதியின் முதுகு தெரிந்தது. என் குரலுக்கு அந்தத் தோள் இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், என் குரல் ஒரு பெண்ணுக்குள் போய் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

நாலரை பஸ்ஸை நான் நிலையத்துக்குப் போய்ப் பிடிக்கவில்லை. அது பள்ளி வாசல் வழியாகத்தானே வரும்! 4.40க்கு வாசலில் நின்று கையைக் காட்டினேன். படி தேயுது என்ற அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவிடம் வேலை, கூரை, முப்பது வெள்ளி என்று ஒப்பித்தேன். "என்ன வேலை?" என்றார். "பேச்சுப் பயிற்சிக்கு ஒத்தாசை" என்றேன். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. பெண் குரல் என்று சொன்னால் அந்த நிமிடமே கப்பல்தான். கடைசியில் அப்பா, "மெர்டேக்கா வரைக்கும் போயிட்டு வா. நான் வந்து பாப்பேன். அது முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமைக்குள்ள ஏஜெண்டுக்குச் சொல்லணும்" என்றார். அடுத்த வாரமே பெட்டியோடு பரணுக்குக் குடிபோனேன்.

நாடகம் செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. தம்பின் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார், வெள்ளைச் சட்டை, கையில் குடை. மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தேன். "நீயும் உண்டா?" என்றார். "உள்ள வேலைப்பா" என்றேன். திரைக்குப் பின்னால் போய் நரம்பைக் கையில் எடுத்தேன். கையிலிருந்த நரம்பு தானாக இழுபடுமோ என்று பயம். மணிக்கட்டைத் தூணோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, விரல்கள் மட்டும் அசைகிற மாதிரி நின்றேன்.

அந்தக் கட்டம் வந்தது. இடுக்கு வழியாகப் பார்வதியைப் பார்க்காமல் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பேசினேன். தப்புத்தான். "நீங்க போறத நான் தடுக்கல. உங்க மண்ணு உங்களக் கூப்பிடுது, போயிட்டு வாங்க. என்னை மட்டும் இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. இழுத்துக்கிட்டுப் போனா உடம்புதான் கப்பல்ல வரும், செல்லம்மா வரமாட்டா." அப்பா குடையின் பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

முடிந்ததும் கூட்டம் பார்வதியைச் சூழ்ந்துகொண்டது. அப்பாவும் போனார். என் அப்பா, நாடகமென்றாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவர், அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லாச் சொன்னே தாயி. மனசுல தச்ச மாதிரிச் சொன்னே." அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையை அசைத்தேன். சிரித்துக்கொண்டே அவரைத் திருப்பிக் கும்பிட்டாள்.

அப்பா என்னிடம் திரும்பினார். "நீ சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிப்பியோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்டா. பரவால்ல, இங்க பொண்ணு வேஷத்துக்குப் பொண்ணே வருது. கௌரவமான இடம்." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணு சொன்னது சரி. உன்னை இழுத்துக்கிட்டுப் போயி நான் என்ன பண்ணப் போறேன். நீ இரு. உன் பேர அடிக்கச் சொல்லிடறேன்."

தொண்டைவரை வந்துவிட்டது. அப்பா, பேசினது நான்தான், நான்தான் அப்பா என்று. முழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அது யாரோ ஒரு பெண் சொன்ன நியாயமாக இருந்திருக்காது. மகன் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று போட்ட நாடகமாகிப் போயிருக்கும். அப்பா பேச்சை மாற்றியிருப்பாரோ மாட்டாரோ, எனக்கு அந்தச் சூதாட்டத்துக்குத் துணிச்சல் இல்லை.

சரி, வாசகி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோமளத்தம்மா இறந்த பிறகு பள்ளியை மூடிவிட்டார்கள். கிடங்கு இப்போது டயர் கடை. உள்ளே போய்க் கேட்டால் பின்சுவரைப் பார்க்க விடுவார்கள், பலகை மேடைக்கு அடித்த ஆணித் துளைகள் இன்னமும் இருக்கின்றன. ஆயர் குரோ சந்திப்பில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் காஜா பெராங்குக்கு என் காரில் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது. சனிக்கிழமை போகாதீர்கள், நகரத்துக்குள் நுழையவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். காலை எட்டரைக்குள் போய்விட்டால் அம்மன் கோயிலையும் செட்டிக் கிராமத்தையும் நடந்தே பார்க்கலாம். அங்கே யாரிடமும் எடுத்த எடுப்பில் தமிழில் பேசிவிட்டு, பதில் வரவில்லை என்று குறைப்படாதீர்கள். மலாயில் பேசுங்கள், வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே காஜா பெராங் என்று சொல்லி வையுங்கள்.

அப்பாவைக் கோலக் கிள்ளான் துறைமுகம்வரை போய் ஏற்றிவிட்டேன். மலாக்காவிலிருந்து பஸ், ரயில் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம், நாலு வெள்ளி எழுபது காசு. ஏணியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுடா. அது மட்டும் அன்னிக்கு அப்படிச் சொல்லலன்னா உன்னை விட்டிருக்கமாட்டேன்." சொல்கிறேன் என்றேன். மறுபடி அவரை நான் பார்க்கவில்லை. ஆறு வருடம் கடிதம் வந்தது. ஊரில் யாரையோ பிடித்து எழுதச் சொல்வார். மழை, மாடு, முழங்கால் வலி என்று எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வரி தவறாது: அந்தப் பெண் சௌக்கியமா, இன்னும் நன்றாகப் பேசுகிறாளா? ஒவ்வொரு தடவையும் நான் பதில் எழுதினேன்: சௌக்கியம்தான் அப்பா, நேற்றுக்கூட நன்றாகப் பேசினாள்.